பூஜ்யம் என்று பதிவான பதினோரு பூஞ்சை மரணங்கள்

அனுப்புநர்
காலஞ்சென்ற பாலப் பொறியாளரின் மனைவி, வயது 74,
பொது மருத்துவமனைப் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
கடும் பூஞ்சைத் தொற்று தேசிய மதிப்பீட்டு அலுவலகம்.

பொருள்: எங்கள் மருத்துவமனையில் கடும் பூஞ்சைத் தொற்றே இல்லை என்ற பதிவைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாட்டில் எத்தனை பேரைக் கடும் பூஞ்சை நோய் தாக்குகிறது என்று தாங்கள் தயாரித்துள்ள வரைவு மதிப்பீட்டை முழுவதும் படித்தேன். எங்கள் மருத்துவமனைக்கு எதிரே பூஜ்யம் என்று உள்ளது. என் மகன் அங்கேதான் கரும்பூஞ்சையால் இறந்தான். அவனோடு சேர்த்து இவ்வாண்டு பதினோரு பேர்.

2. அவன் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவன். வயது நாற்பத்தாறு. சர்க்கரை நோய் உண்டு. முதல் நாள் பல்வலி என்றான். நான்காம் நாள் இடது கண்ணைத் தோண்டி எடுத்தார்கள். ஏழாம் நாள் இடப்பக்க மேல்தாடையை அறுத்தார்கள். அதன்பின் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. வலியில் கட்டில் கம்பியைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டதால் கைகால்களைக் கட்டிப்போட்டார்கள். பூஞ்சையைக் கொல்லும் ஊசிமருந்து இருப்பில் இல்லை. சென்ற ஆண்டுக் கணக்கிலும் பூஜ்யம் என்பதால் மருந்து ஒதுக்கப்படவில்லை என மருந்தாளுநர் எழுதியே கொடுத்துள்ளார் (இணைப்பு 1). பதின்மூன்றாம் நாள் இறந்தான்.

3. வெட்டிய சதை இரண்டு புட்டிகளில் போக வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஃபார்மலினில். பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்கு உப்புநீரில். இங்கே இரண்டிலும் ஃபார்மலினை ஊற்றியிருக்கிறார்கள். அறுவை அரங்கின் செவிலியர் ஒளிக்காமல் சொன்னார்: "ரெண்டுலயும் அதைத்தாம்மா ஊத்துவோம், சதை கெட்டுப்போகக் கூடாதில்ல?" ஃபார்மலினில் எதுவும் உயிரோடிராது. எனவே பதினோரு பேருக்கும் "வளர்ச்சி இல்லை" என்றே முடிவு வந்தது. தங்கள் படிவமோ அந்த ஒரு முடிவை மட்டும் கேட்கிறது. நுண்ணோக்கி அறிக்கைகள் பதினொன்றிலும் பூஞ்சை இழைகள் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளன (இணைப்பு 2).

4. இதைத் திருத்தக் கேட்டபோது பதிவறை எழுத்தர், "பூஞ்சையில செத்தா என்ன, புண்ணுல செத்தா என்ன பாட்டி? போய்ப் படுங்க" என்றார். நான் அவருக்குப் பாட்டி அல்ல. என் மருமகன் மேசைக் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். காவலாளி தடியால் அவர் மண்டையைப் பிளந்தார், ஒன்பது தையல். நான் எழுத்தரின் கையைக் குடைக்காம்பால் அடித்தேன். விரல் முறிந்ததாக வழக்குப் பதிவாகியிருக்கிறது. அடித்ததை மறுக்கவில்லை. அவ்வழக்கு குறித்துத் தங்களிடம் கோரிக்கை எதுவும் இல்லை.

5. என் மகன் கிடந்த கட்டிலில் இப்போது ஒரு வெல்டர் கிடக்கிறார். அதே நோய். நேற்று வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். "அந்த ஊசி வந்துடுமாம்மா? வந்துடும்னு சொல்லுங்களேன்" என்று அவர் மனைவி என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

6. ஆகவே, மதிப்பீடு வெள்ளிக்கிழமை இறுதியாகும் முன் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என எழுத வேண்டும். படிவத்தில் நுண்ணோக்கி முடிவுக்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். மருந்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க முடியாது, அதை உடனே அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். வெல்டரின் இடது கண்ணை எடுக்க வியாழன் காலை என நேரம் குறித்திருக்கிறார்கள்.

எனக்கு இரங்கல் கடிதம் அனுப்ப வேண்டாம். மருந்து வண்டி வரும்வரை ஆண்கள் பிரிவு வாசலில் இருப்பேன். பதிலை அங்கேயே அனுப்பவும்.

இடம்: ஆண்கள் பிரிவு வாசல்
நாள்: 14, செவ்வாய், காலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
இறந்தவரின் தாய்