அப்பா போட்ட பத்துக்குப் பத்து

அன்பு மகளுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நம் வீட்டுச் சௌக்கியத்தைப் பற்றிப் போனில் ஒன்று சொன்னேன். அது அப்படி இல்லை. போனிலேயே திருத்திச் சொல்லலாம் என்றால் வீட்டில் உங்கப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது பேச்சுப் பயிற்சிக்கு உள்ளே போயிருக்கிறார். வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வார்த்தைகள் வருகின்றன, ஒன்றோடொன்று சேரத்தான் மாட்டேன் என்கின்றன. அன்றைக்கு "தண்ணி... மாடி... பைப்பு" என்றார். பைப்பைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டேன் போல என்று மூச்சிரைக்க மாடிக்கு ஓடினேன். தண்ணீரே வரவில்லையாம், அதைத்தான் சொல்லியிருக்கிறார். இறங்கி வந்தால் மனுஷருக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் முதலில் படம் போட்ட அட்டைகளைத்தான் கொடுத்தாள். சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தனக்குக் கொடுத்துவிட்டாள் என்று ரோஷம், தள்ளிவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். எதற்கு உட்காருவாரோ அதுவே போதும் என்று அவளும் இங்கிலீஷ் தாள்கள் கொண்டுவந்தாள். இரண்டு வாக்கியம், சேருகிற இடத்தில் ஒரு கோடு. அண்ட், பட், பிகாஸ், ஆல்தோ, எது பொருந்துமோ அதை எழுத வேண்டும். அப்போது உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆல்தோ என்று தொடங்கிவிட்டு நடுவில் பட் போட்ட பிள்ளைகளை என்ன பாடு படுத்தியிருப்பார். தெருவே 'ஆல்தோ சார்' என்று கூப்பிட்டது சும்மாவா?

தினமும் காலையில் ஒரு தாள் எழுதுவார். முடித்ததும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அவரே திருத்துவார். வரிசையாக டிக். கீழே வட்டம் போட்டுப் பத்துக்குப் பத்து. எனக்கு இங்கிலீஷில் என் பெயரைத் தவிர ஒன்றும் படிக்கத் தெரியாது, ஆனால் டிக் தெரியும். அதைப் பார்த்துத்தான் அப்பா தேறிவிட்டார், நீ அலைய வேண்டாம் என்று உன்னிடம் வாய் நிறையச் சொன்னேன். நீயும் நம்பி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய்.

இன்றைக்குத் தாள்களை மொத்தமாக எடுத்துவந்து அந்தப் பெண்ணிடம் பெருமையாக நீட்டினேன். புரட்டிப் பார்த்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எல்லா இடத்திலும் அண்ட் என்றே எழுதியிருக்கிறாராம். அது பொருந்துகிற இடம் ஒன்றிரண்டுதானாம், மற்றதெல்லாம் தப்பு. பேச்சு எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள்.

தெரியாமல் டிக் போட்டிருந்தால் அத்தனை வருஷப் படிப்பும் போய்விட்டது என்று அர்த்தம். தெரிந்தே போட்டிருந்தால் தினமும் என் முகத்துக்காகப் போட்டிருக்கிறார். எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் பைக்குள் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்பில் எழுதியிருக்கிறாளே என்று நினைக்காதே, என் கையில் இதுதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மார்க்கைப் பற்றிக் கேட்டுவிடாதே. பேச்சு பாதியில் நின்றால் நீ எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம், அவருக்கு அது பொறுக்கவில்லை. உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாதவள் இல்லை நான். வராதே என்று சொன்ன வாயால் வா என்று எப்படிச் சொல்வேன்?

உள்ளே கூப்பிட்டபோது எழுந்து நின்றவர் என்னிடம் மூன்று வார்த்தை சொன்னார். "பொண்ணு... வேலை... வாசல்." சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இதையெல்லாம் சேர்த்துப் படிக்கத் தெரியாது. அவரிடம் படித்தவள் நீ. சேர்த்துப் பார், கண்ணே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிற,
அம்மா