கோரேஸ் சொல்லாத வரி

12, செவ்வாய். மேகமூட்டம், மழை இல்லை.

உறுதியானது: பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ், அடிமை முறையை உலகெங்கும் ஒழிப்பதாகச் சொன்ன வரி அவருடைய களிமண் உருளையில் இல்லவே இல்லை. ஆதாரம்: உருளையை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் மொழிபெயர்ப்பு. இருமுறை படித்தேன்.

அந்த வரிதான் எங்கள் பேப்பரின் ஞாயிறு மலரில், என் பெயருக்குக் கீழே, கட்டம் கட்டி வந்திருக்கிறது. நான் எழுதியது, இணையத்தில் சைரஸ் மீது கிளம்பியிருக்கும் மோகம் பற்றி. கட்டுரை போக மீந்த இடத்தை அந்த வரியால் நிரப்பியது டெஸ்க், பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியர்கள். எங்கிருந்து? வாட்ஸ்அப்.

செய்தி ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன்.

"அட விடுங்கண்ணா. ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்திச் செத்த மனுசன், கேஸா போடப் போறாரு?"

டெஸ்க் முழுக்கச் சிரிப்பு.

பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

13, புதன்.

மதுக்கரையிலிருந்து ஒரு போதகர், போனில்.

"ஏனுங்க சார், வேதத்துல கோரேஸ் ராஜான்னு வாராரே, அவருதானுங்களே இந்த சைரஸு? நீங்க போட்ட வரியைச் சபை மண்டபத்துக் கல்லுல வெட்டக் குடுத்துப்போட்டோமுங்க. ஏசாயா புஸ்தகத்துல எந்த அதிகாரமுங்க? தேடிப் பார்த்தேன், கெடைக்கலீங்க."

"எதுலயும் இல்லீங்கய்யா. பொய்."

"உங்க பேரு இருந்துச்சுங்களே."

கல்லை வெட்டுவதற்குள் நேரில் போக வேண்டும்.

14, வியாழன். காற்று.

மதுக்கரை. சட்டையெல்லாம் சிமெண்டு ஆலைத் தூசி. கல் பட்டறையில் பார்த்தேன்: எழுத்து வரைந்தாயிற்று, உளி படவில்லை. சனி காலை ஒன்பதுக்கு வெட்டு. நிறுத்தப் போதகர் தயார். சபைச் செயலர் தயாரில்லை.

"போட்டதும் நீங்க, இல்லீங்கறதும் நீங்க. பேப்பர்ல வந்ததைப் பேப்பர்லயே இல்லீன்னு போட்டுக் காட்டுங்க, நிறுத்திப்போடறோம்."

அவர் மேல் கோபமில்லை. கவுன்சிலர் பெயரில் இனிஷியல் மாறி அச்சானால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறோம். கேட்க ஆளில்லாத ராஜா என்றால் இளக்காரம்!

கிராம்பு மறந்தேன்.

15, வெள்ளி. வெயில்.

திருத்தம், மூன்று வரி. பகல் 11-க்குக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் பேனாவோடு வந்தார்.

"'டெஸ்க் தவறு'ங்கறதை மட்டும் அடிச்சுடலாங்கண்ணா."

"அடிங்க."

"அப்புறம் உங்க தப்புன்னு நெனைச்சுக்குவாங்க."

"நெனைக்கட்டும். நாளைக்கு வரணும்."

மாலை 6. திருத்தம் அச்சாக ஆசிரியர் கையெழுத்து வேண்டும்; இன்னும் வரவில்லை. பக்கம் முடிப்பது இரவு பத்துக்கு. மதுக்கரைக்குப் பேப்பர் காலை ஐந்தரைக்கு. உளி ஒன்பதுக்கு.