மகன் உயிரோடிருக்க ஒப்பாரி

8 அக்டோபர் 1991, செவ்வாய்

லண்டன் மோர்டனில் நாடக மாலை வகுப்பு. எட்டுப் பேரில் சேலை கட்டியவள் நான் மட்டும். ஆசிரியை இன்று ஒரு பழைய கிரேக்க நாடகாசிரியரின் கதை சொன்னார். தொண்ணூறு வயதிலும் எழுதினாராம். பிள்ளைகள், அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று வழக்குப் போட்டார்களாம். கிழவர் வாதாடவில்லை. எழுதிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து ஒரு பாட்டை வாசித்தாராம். வழக்குத் தள்ளுபடி. உண்மையோ பொய்யோ, ஆசிரியைக்கே தெரியாது. எனக்குக் கிழவரைப் பிடித்துக்கொண்டது.

13 அக்டோபர்

மகன் யோகராஜா வந்தான். வந்ததும் கரிந்த சோற்றின் மணத்தை முகர்ந்தான்.

"பஸ்ஸிலை தனியக் கதைச்சுக்கொண்டு போறியளாம். அம்மா, உங்களுக்கு அறளை பேந்திட்டுது. பிளாட்டை விட்டிட்டு சட்டனுக்கு, என்ரை வீட்டுக்கு வாங்கோ. மேல் அறை உங்களுக்குத்தான்."

பெற்ற பிள்ளை சொல்லும் சொல்லா இது? நான் கதைத்தது வகுப்பில் படிக்கும் நாடகத்து அரசியோடு. அதைச் சொன்னால் அன்றைக்கே என்னை மூட்டை கட்டியிருப்பான். அறுபத்தெட்டு வயதில்தான் எனக்கென்று ஒரு கதவும் அதைப் பூட்ட ஒரு திறப்பும் கிடைத்தன. போகமாட்டேன்.

22 அக்டோபர்

வீட்டுவேலை: மகனை இழந்த அரசியின் புலம்பல், அவரவர் மொழியில். புலம்ப எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

26 அக்டோபர், சனி

சிரிப்பதா, அழுவதா?

காலையில் குளியலறையில் நின்று, "என்ரை ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போனியோ" என்று முழுக்குரலில் பாடிப் பார்த்தேன். கீழ்மாடிச் சுலோச்சனாவுக்குக் கேட்டிருக்கிறது. யோகராஜா போய்விட்டான் என்று நினைத்து எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துவிட்டாள். ஒரு மணிக்குக் கதவைத் திறந்தால் வெள்ளைச் சேலையில் ஆறு பேர். செத்தவீட்டில் அடுப்பு எரியாதே, அதனால் சட்டி சட்டியாகச் சோறும் கறியும். வாய் திறக்கவிடாமல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்து யோகராஜா வந்து நின்றான். வந்தவர்களில் ஒருத்தியான றோஸ்மலர் அவனைக் கண்டதும் பருப்புச் சட்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்டவனுக்கு முகம் சிவந்தது. "பாத்தியளோ? இனி இவ தனிய இருக்க ஏலாது."

அத்தனை பேருக்கும் முன்னால். வாதாடி என்ன பயன்? கதிரையில் அமர்ந்து, புலம்பலை முதலிலிருந்து பாடினேன்.

பாதியிலேயே சுலோச்சனா விம்மினாள், யாரும் சாகவில்லை என்று தெரிந்தும். என் மகன் யன்னலைப் பார்த்தபடி நின்றான். முடிந்தபிறகும் திரும்பவில்லை.

"இது முழுக்க நீங்களே எழுதினதோ?"

"ஓம். அண்டைக்குச் சோறு கரிஞ்சதும் இந்த அரசியாலைதான்."

"நான் செத்தா இதைத்தான் பாடுவியளோ?"

"வாயைக் கழுவு. உனக்கு முந்தி நான் போயிடுவன்."

"அப்ப எனக்கு ஆர் பாடுவினம்?"

நாற்பத்திரண்டு வயது, அதைக் கேட்டபோது ஆறு வயதுப் பிள்ளை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவனும்தான். பிறகு இருந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு திறம்.

2 நவம்பர்

காலையில் யோகராஜா ரெலிபோன் எடுத்தான்.

"இண்டைக்கு எத்தினை மணிக்குப் பாடப்போறியள்?"

"மூண்டுக்கு. ஏன்?"

"ஆக்களுக்கு முதலே சொல்லிவைக்கிறன்."

சட்டனில் அந்த மேல் அறைக்குள் தன் கொம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டானாம்.