ரவிக்கைக்கு ஒரு ரூபாய்

கார்த்திகை, வியாழன் இரவு.

தையற்கடைகளுக்காக நான் செய்த ஆப்பில் துணியைப் பதிந்தால், கொடுக்க வேண்டிய நாளை அது நினைவூட்டும். தையல் கூலியைப் போலவே உருப்படிக் கணக்கில் இருக்கட்டும் என்று, பதியும் ரவிக்கைக்கு ஒரு ரூபாய் விலை வைத்தேன்.

இன்று திண்டிவனத்தில், நான் ஹூக் கட்டும் கடையில், கடையை நடத்தும் செல்வி அக்கா எல்லார் முன்னாலும் கத்தினார். "இன்னாடி உன் ஆப்பு? கல்யாணப் பொண்ணு வந்து நிக்குது, ஜாக்கெட்டு இன்னும் வெட்டவே இல்ல!"

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த ரவிக்கை அதில் இல்லை. சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது.

"ஒரு ரூபா மிச்சமாவுதேன்னு பாதிய செவுத்துல எழுதிக்கினு இருக்கேன். விழுப்புரத்துக் கடைங்கள்லயும் அப்டித்தான்" என்றார்.

மாதத்துக்கு இவ்வளவு என்று விலையை மாற்றினால் எல்லாத் துணியையும் பதிவார்கள். ஆனால் அதை நான்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். "தை வரைக்கும் பாரு. காசு வரலன்னா செருப்புக் கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அடுத்த துணி வந்தது. அக்கா சாக்பீஸை எடுத்தார். "அக்கா" என்றேன்.

"இன்னாடி?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஹூக் கட்ட உட்கார்ந்தேன்.