கசக்காத மாத்திரை

8-1-1996

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்கு டாக்டர் உமையாள் வந்தாள். நான் கொடுத்தனுப்பிய இலை மெட்ராஸ் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்துவிட்டதாம். எனக்கு எப்போதோ தெரியும். எலி சாட்சி சொன்ன பிறகுதான் படித்தவர்கள் நம்புகிறார்கள்.

இலையின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். இந்த ஊரில் பூட்டிவைத்ததையும் படிக்கிறவர்கள் உண்டு.

அச்சாபீசில் எழுத்துக் கோத்தவனுக்கு வைத்தியம் எதற்கு என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வரும் என்று அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

21-1-1996

பூசை முடிந்து பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். இனி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சர்க்கரை லேசாக இருப்பவர்கள் மட்டும். பாதிப் பேருக்கு என் இலையிலிருந்து செய்த மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் சுண்ணாம்பு. யாருக்கு எது என்று தின்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. முடிந்த பிறகு மெட்ராஸில் திறந்து பார்ப்பார்களாம்.

எதிர்வீட்டு ஹனிபா எழுந்து, “சுண்ணாம்பு குடுக்குறவுக வெத்தல பாக்கும் சேத்துக் குடுத்துருங்கம்மா” என்றான். ஹாலே சிரித்தது. அவனை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் புத்தி சொன்னேன். அந்த நேரத்தில் டாக்டர், இலையிலிருந்து எதை எப்படிப் பிரித்தார்கள் என்று படம் போட்டுக் காட்டினாளாம். என் இலையைப் பற்றி எனக்கே பாடமா?

திரும்பி வந்தபோது சொல்லிக்கொண்டிருந்தாள்: “கால்ல சின்னப் புண்ணு வந்தாலும் அன்னைக்கே வந்துரணும். மாத்திரைய நிறுத்திட்டு ஊசி போட்டுருவோம்.”

வியாகுலம், என் மனைவி, சர்க்கரைக்குத் தின்னும் பெரியாஸ்பத்திரி மாத்திரையை விட மனசில்லாமல் நின்றாள். “நீயே வரலைன்னா எம்மருந்த நானே நம்பலைன்னு ஊரு சொல்லும்” என்றேன். பெயர் கொடுத்தாள்.

23-1-1996

வியாகுலத்துக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைப் பாதி கடித்துப் பார்த்தேன். நாக்குதான் என் தராசு. சர்க்கரையை அடக்குவது கசப்பு. என் இலையை மென்றால் சாயங்காலம் வரை கசக்கும். இது கசக்கவில்லை. சுண்ணாம்பு!

முதலில் கோபம். இலையைக் கண்டவன் பெண்டாட்டிக்கே சுண்ணாம்பா?

பிறகு யோசித்தேன். யாராவது சுண்ணாம்பு தின்றால்தான் இலை ஜெயித்தது தெரியும். அவளுக்குச் சர்க்கரை ஏறட்டும். ஏறினால் அது எனக்குச் சாட்சி.

மீதிப் பாதியை டப்பாவில் போட்டு வைத்தேன்.

17-2-1996

ரத்தம் எடுத்தார்கள். வியாகுலத்துக்கு ஏறியிருக்கிறது. டாக்டர் முகம் சுருங்கியது. இவள் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். எனக்கு நடை லேசாக இருந்தது.

9-3-1996

நேற்றுச் சிலுவைப்பாதைக்கு வியாகுலம் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வலது பாதத்தில் கருவேல முள். முள்ளை எடுத்தும் வீக்கம் இறங்கவில்லை.

“டாக்டரம்மாட்ட காட்டிருவமா?” என்றாள்.

காட்டினால் சோதனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். “தவக்காலத்துல இம்புட்டு வலி கூடத் தாங்கமாட்டியா? ஆண்டவருக்கு எத்தன ஆணி?” என்றேன்.

காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

16-3-1996

“காலு எப்படி இருக்கு?” என்று ரத்தம் எடுக்கும்போது எல்லாரிடமும்போல வியாகுலத்திடமும் டாக்டர் கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றேன். அவள் வியாகுலத்தைப் பார்த்தாள். வியாகுலம் என்னைப் பார்த்தாள். “ஒண்ணுமில்லம்மா” என்றாள்.

நல்லவேளை, சேலை பாதத்தை மூடியிருந்தது.

27-3-1996

ஹனிபா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னண்ணே, வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?” என்றான்.

ஆமாம் என்றேன்.

1-4-1996

மகள் ஷீலா சிவகங்கையிலிருந்து வந்தாள். துணியை அவிழ்த்துப் பார்த்தாள். தெருவே கேட்கக் கத்தினாள். “நீக மனுசருதானாப்பா?” வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் ஏறுவதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

ரத்தம் எடுக்க இன்னும் ஒரு சனிக்கிழமைதான் பாக்கி இருந்தது. பொறுத்திருக்கலாம்.

4-4-1996

பெரிய வியாழன். கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினார். மதுரையில் அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

12-5-1996

டாக்டர் உமையாள் வந்தாள். மெட்ராஸில் திறந்து பார்த்துவிட்டார்கள். இலை தின்றவர்களுக்கும் சுண்ணாம்பு தின்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லையாம். “எலிக்குக் கேட்டது மனுசருக்குக் கேக்கலங்கய்யா. முக்காவாசி மருந்து இந்தப் படியிலதான் விழும்” என்றாள், மழை பெய்யவில்லை என்பதுபோல.

“பொய். சுண்ணாம்பு தின்ன எம் பெண்டாட்டிக்கு மட்டும் காலு போச்சே, அது வித்தியாசமில்லையா?”

“அவுகளுக்குச் சுண்ணாம்பு இல்லங்கய்யா. உங்க இலைதான்.”

“கசக்கலையே!”

“கசப்புச் சத்து எலிக்கு ஈரலக் கெடுத்துச்சு. அத எடுத்துட்டுத்தான் மாத்திரை செஞ்சோம். அன்னைக்கே படம் போட்டுச் சொன்னேனே.” எழுந்தவள் நின்றாள். “கசக்கலைன்னு நீக எப்படிக் கண்டீக?”

“காப்பி ஆறுது” என்றேன். அதைத் தொடாமல் போய்விட்டாள்.

கசப்பை எடுத்துவிட்டு அதை என் மருந்து என்று யார் சொல்லச் சொன்னது? இது அவர்கள் மருந்து. தோற்றது அவர்கள். என் இலையை இதுவரை யாரும் சோதிக்கவே இல்லை.

2-6-1996

முழு இலையை நிழலில் காயவைத்து இடித்துச் சலித்து, சிவகங்கைக்கு எடுத்துப் போனேன். ஷீலா அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. பொடியைத் தண்ணீரில் குழைத்து வியாகுலத்திடம் நீட்டினேன்.

“இதுதான் நெசமான மருந்து. கசப்போட இருக்கு. குடி.”

டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்: “டப்பாவுல பாதி மாத்திரை கெடந்துச்சு. உங்க பல்லுத் தடம் எனக்குத் தெரியாதா? அதையும் நாந்தான் முழுங்குனேன். சுண்ணாம்புன்னு நெனச்சுத்தான கால மறைச்சீக?”

“குடி” என்றேன்.

“மாட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

9-6-1996

தண்ணீர் வந்தது. மருமகன் வந்து அவள் சேலைகளை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் கிடந்த செருப்பில் இடதை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.

பொடி வீணாகக் கூடாது என்று நானே தின்றேன். நன்றாகத்தான் கசக்கிறது. மருந்தில் குறை இல்லை.