கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

என் செல்லக் கழுதைக்கு,

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒருவழியாக முடிந்தது. தலைதான் சுற்றுகிறது. "கேள்வி கேட்டா வாயை மூடிட்டு நில்லுங்க டீச்சர். பதிலையும் நீங்களே சொல்லிட்டா பிள்ளைங்க எப்போ பேசும்?" என்றார் பயிற்சியாளர். இத்தனை வருடமும் இரண்டையும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வகுப்பில் செய்து பார்த்தேன். வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் ஒரு முழு வாக்கியம் பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நேற்று போனில் உன்னிடமும் அதே வேலை. வழக்கமாக, "நல்லா இருக்கியா? நல்லாத்தான் இருப்ப, மாப்பிள்ளைதான் தங்கமாச்சே" என்று நானே முடித்துவிடுவேன். நேற்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். நீ பேசவில்லை. விசும்பல் மாதிரி ஏதோ சத்தம் மட்டும் கேட்டது. குழாயா, நீயா? "குழாயாத்தான் இருக்கும், விடு" என்கிறார் அப்பா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் அப்படி வந்தால் என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லித்தரவில்லையே.

சனிக்கிழமை வருகிறேன். குழாய்தான் என்றால் என்னைப் பார்த்து நன்றாகச் சிரி. உனக்கென்று எதுவும் வாங்கி வரவில்லை. உன் பெட்டியைத் தூக்க இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

அம்மா