மேஸ்திரி வளர்க்கும் மீசை மீன்கள்

1934 அக்டோபர் 14, ஞாயிறு

வெயில் விட்டபாடில்லை. ஐப்பசி பிறக்கப் போகிறது, ஆம்பூருக்கு மட்டும் இன்னும் சித்திரை. கோயிலில் பாதிப் பேர் கையில் விசிறி. பாதிரியார் பிரசங்கம் நீளம். பக்கத்தில் மே. நல்ல தூக்கம்.

மே. என்றால் மேஸ்திரி. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொள்பவர், எனக்குத் தாலி கட்டியவர். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அம்மா வளர்த்தாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் கை வரவில்லை. மே. போதும்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மீன் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாயிற்று. ஷாப் கெமிஸ்ட் துரையின் மீன். துரை ஜெர்மனிக்கு லீவில் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து என் தையல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தென் அமெரிக்காவில் பிறந்த மீன்கள், ஜெர்மனிக்குப் போய், தகர டின்னில் கப்பலேறி, இப்போது என் தையல் மேஜையில். என் துணிமணி எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

மொத்தம் மூன்று. சுண்டுவிரல் நீளம். சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். செதில் கிடையாது, ஓட்டுக் கூரை மாதிரி தகடு தகடாக அடுக்கு. வாயோரம் மீசை. நாள் முழுக்க மணலில் மூக்கை நுழைத்துத் தேடல். நடுவில் விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்று, மறுபடி கீழே. ஏரியில் வலை போடுகிறவர் ஒருத்தர் வந்து பார்த்து, "கெளுத்திக் குட்டிதானே மேஸ்திரி, கொழம்புக்குக்கூட ஆவாது" என்றார். அன்றிலிருந்து அவரோடு மே.வுக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

குண்டு ஒன்று, ஒல்லி இரண்டு. குண்டுக்கு ஜமீன்தார் என்று பேர். ஒல்லிகள் பெரிய சம்சாரம், சின்ன சம்சாரமாம். எல்லாம் மே. வைத்ததுதான்.

"ரூத்து, இங்க வாயேன். சத்தியமா சொல்றேன், என்னைப் பாத்து கண்ணடிச்சான்."

மீன் கண் அடிக்குமா? நான் பார்க்கும்போது மட்டும் அடிப்பதில்லை. பொய்யா, ஆசையா, தெரியவில்லை.

துரை போகும்போது சொன்னது: கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன், பெரிய மீன் எனக்கு, குஞ்சு பொரித்தால் குஞ்சு உனக்கு. "ஆனா வராது மேஸ்திரி. ரெண்டு வருஷம் நான் பாத்தேன்." இவர் அந்த 'வராது'வைக் காதில் வாங்கவே இல்லை. மகள் கல்யாணமாகிக் கோலாருக்கு ரயிலேறியபோதுகூட அழாத மனிதர். துரை வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கு என்ன ஆவாரோ. எனக்கு அதுதான் கவலை. ஒரு குஞ்சாவது கிடைத்தால் தேவலை.

அக்டோபர் 17, புதன்

புழுக்கம். தண்ணீர் வண்டி தாமதம். எங்கள் தெருக் கிணறு உப்பு, ஷாப்பில் தோலிலிருந்து உதறுகிற உப்பெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. நாங்கள் குடிப்பது பாலாற்று ஊற்றுத் தண்ணீர். மீனுக்கும் அதேதான். என் தலைக்கு ஊற்றிக்கொள்ள மட்டும் உப்புத் தண்ணீர்.

குழம்புக்கு ஊற வைத்த புளியைக் காணோம். பார்த்தால் மே. அதில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்பு போகணுமாம். ஒரு பொட்டு சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்தால் மூன்றும் செத்துப்போகும் என்று பயம். முழங்கை வரை புளி, அப்புறம் தண்ணீர், அப்புறம் முகர்ந்து பார்த்தல், அப்புறம்தான் தொட்டிப் பக்கம். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும்போது நானே இவ்வளவு கழுவுகிறேனா, யோசிக்க வேண்டும்.

மீனுக்குத் தீனியாகப் பின்கட்டுச் சட்டியில் கொசுப்புழு வளர்ப்பு. அடுத்த வீட்டு ஜைனபு எட்டிப் பார்த்து ஒரே சிரிப்பு.

"இன்னா அக்கா இது? ஊர்ல எல்லாரும் கொசுவால பேஜார்ல கீறாங்க, மேஸ்திரி அண்ணன் சோறு போட்டு வளக்குறாரு!"

வாங்க வேண்டியது: டிங்சர், லாந்தர் திரி, புளி (ஜாஸ்தியாக).

அக்டோபர் 22, திங்கள்

மேகம். மழை இல்லை. முதுகு வலி.

துரை விட்டுப்போன படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மே. சாயங்காலம் முழுக்க. எழுத்து ஜெர்மன், ஒன்றும் புரியாது, படம் மட்டும்தான். இந்தப் பக்கத்தில் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒன்று, அந்தப் பக்கத்தில் திட்டுத் திட்டாக ஒன்று. நம்முடையது எது? முதுகுத் துடுப்பில் கறுப்பு இருக்கிறதா இல்லையா? விளக்கை இடப்பக்கம் பிடி, வலப்பக்கம் பிடி என்று என்னை ஆட்டி வைத்தார். கடைசியில் திட்டு போட்டதுதான் என்று முடிவு. எனக்கும் அப்படித்தான் பட்டது. பேரை மட்டும் படிக்க முடியவில்லை. அவருக்குப் பெண் பார்த்து முடித்த மாதிரி திருப்தி.

விளக்கு பிடித்ததில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஜமீன்தார் வயிறு. மேலே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பிதுங்கி, கீழே இறங்கி. எத்தனை வயிறு பார்த்திருக்கிறேன். இது தின்ற வயிறு இல்லை.

"இன்னாங்க, உங்க ஜமீன்தார் முழுகாம இருக்காரு."

"போ போ. வயிறு பெருத்தா மொதலாளி. ஒனக்கு எதைப் பாத்தாலும் பிரசவந்தான்."

"அப்போ அந்த ஒல்லி ரெண்டும்?"

படப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். இரண்டு சம்சாரத்துக்கும் மீசை முளைத்த கதை ஆகிவிட்டது. எனக்குத்தான் சிரித்துச் சிரித்து முதுகு வலி கூடிப்போயிற்று.

அக்டோபர் 23, செவ்வாய்

மழை! விடியும்போதே ஆரம்பித்து இன்னும் ஓயவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். தோல் நாற்றம் கழுவிக்கொண்டு போய், மண் வாசனை.

தண்ணீர் வண்டி வரவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். மே. ஷாப்பில். யார் இந்த மழையில் ஊற்றுக்குப் போவது? ஓட்டு இறவாணத்தில் வழிகிற மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றிவிட்டேன். சோம்பேறித்தனம்தான். ஐஸ் மாதிரி தண்ணீர். ஊற்றிய பிறகு பயம், செத்துக்கித்துப் போனால் என்ன பதில் சொல்வது.

சாகவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு ஒல்லியும் குண்டைத் துரத்து துரத்தென்று துரத்துகின்றன. கண்ணாடியில் மேலும் கீழும் ஓட்டம். இருந்து பார்க்க ஆசை. அதற்குள் ஜட்கா வந்து வாசலில். பேரணாம்பட்டு ரோட்டில் பீடி சுற்றும் பெண், தலைச்சன், வலி கண்டிருக்கிறதாம். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

அக்டோபர் 24, புதன்

மழை விட்டு விட்டு. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். மத்தியானம்தான் வீடு வந்தேன்.

மே. வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் பெருமை.

"நல்லவேளை ரூத்து, நான் பாத்தேன். கண்ணாடி பூரா சுண்ணாம்பு! என் சட்டையிலேர்ந்துதான் தெறிச்சிருக்கணும். ஒரு பொட்டு விடாம சொரண்டி எடுத்துட்டேன். மீன் பொழச்சிது."

"எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா, புள்ளி புள்ளியா."

"கண்ணாடிக்கு வெளியிலயா, உள்ளயா?"

"உள்ள. தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ள சுண்ணாம்பு எப்படிங்க ஒட்டும்? கரைஞ்சிருக்காதா?"

இருபது வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் நிற்கிற மனிதர். வாய் திறந்தது, மூடவில்லை. ஜமீன்தாரைப் பார்த்தார். வயிறு ஒட்டிப்போய், சாதுவாக மணலில். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே கொன்னுட்டேனே."

எனக்கு அவரைப் பார்க்கத் தாங்கவில்லை. சுரண்டித் துடைத்த துணி எங்கே என்று கேட்டேன். பின்கட்டு வாளியில். ஓடினேன். பழைய வேட்டிக் கிழிசல், நல்லவேளை தண்ணீரிலேயே முங்கிக் கிடந்தது. விரித்தால் கடுகு கடுகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றை எடுத்து விரலில் உருட்டினேன். நசுங்கவில்லை. கெட்டி. சுண்ணாம்பாக இருந்தால் மாவாகியிருக்கும். இது முட்டை.

கூப்பிட்டேன். வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். துணியை என்னிடமிருந்து வாங்கி மறுபடி தண்ணீரில் முக்கினார்.  அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. நானும்தான்.

அக்டோபர் 26, வெள்ளி

தூறல். ஆஸ்பத்திரிக்கு அரை நாள்.

முட்டைகளை இரண்டு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். என் பங்கு பீங்கான் கிண்ணத்தில், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். சுத்தம்தான் முக்கியம், எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அவர் பங்கு எனாமல் பேசினில். அதில் அவர் செய்த காரியம்: ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், ஷாப்பிலிருந்து புதுப் பட்டை கொண்டுவந்து, இளந்தேயிலை நிறத்துக்கு.

"தோல் ஊற வைக்கிறதையா முட்டையில ஊத்துவீங்க?"

"பச்சைத் தோல் எத்தினி சீக்கிரம் அழுவும் தெரியுமா? பட்டைத் தண்ணியில போட்டா அழுவாது. முட்டை மட்டும் ஏன் அழுவணும்?"

"தோல் செத்தது. இது உசுரு."

"அதான் கம்மியா ஊத்திக்கீறேன்."

சண்டை இல்லை, போட்டி. சாயங்காலம் பார்த்தால் என் கிண்ணத்தில் பாதிக்கு மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிட்டது. அவர் பேசினில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் தெளிவு, உள்ளே ஏதோ கறுப்பாக அசைகிறது. மே. குத்திக் காட்டவில்லை. மிச்சத்தை எடுத்து அவர் பேசினிலேயே விட்டேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.

அக்டோபர் 29, திங்கள்

பொரித்துவிட்டது!! பேசின் அடியில் வால் முளைத்த தூசி. எண்ணக்கூடாது, கண் பட்டுவிடும் என்கிறார். கிறிஸ்தவன் பேசுகிற பேச்சா. நானும் எண்ணவில்லை.

அழுதார். கோலார் ரயிலுக்கு அழாத கண். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 10, சனி

மழை. துணி ஒன்றும் காயவில்லை, வீடெல்லாம் கொடி.

அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கரு, ஊசி முனையளவு, துணியில் கட்டிப் பிழிந்து குஞ்சுகளுக்கு. ஜாஸ்தியானால் தண்ணீர் கெட்டுவிடும். ஒருநாள் கெட்டு இரண்டு செத்துப்போய், மே. அன்றைக்கு ஷாப்புக்கே போகவில்லை. வெள்ளைக் கரு எங்களுக்கு. காலை, மாலை வெள்ளைக் கரு. மீசை தெரிகிறது இப்போது, லென்ஸ் வைத்துப் பார்த்தால்.

ஜைனபு: "அக்கா, பேத்தி பொறந்தாகூட இம்மாம் அமர்க்களம் பண்ணமாட்டீங்க."

மகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். மறந்தே போனேன்.

நவம்பர் 29, வியாழன்

துரை வந்துவிட்டாராம். ஞாயிறு மத்தியானம் மீனை எடுக்க வருகிறார். மே. வந்து சொன்ன விதத்தில் ஷாப்பில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"குஞ்சு பத்தி சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டுட்டார்னா?"

"அவர்தானே குஞ்சு உனக்குன்னு சொன்னாரு."

"அப்போ வராதுன்னு நெனைச்சு சொன்னது ரூத்து. வந்துட்டா வேற."

பேசினைக் கட்டிலுக்கு அடியில், என் துணிமணிக்குப் பின்னால் தள்ளிவைக்கலாமா என்கிறார். நான் மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றேனே தவிர, இடம் போதுமா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கோயிலில் மே. தூங்கவில்லை. 

துரை வந்தார், கையில் தகர டின். இளைத்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் பேசின்தான் கண்ணில் பட்டது, ஜன்னலோரத்தில் நானே வைத்திருந்தேன். குனிந்தார். மண்டியிட்டார், நல்ல பேன்ட்டோடு. 

"மேஸ்திரி, எப்படி?"

மே. கையைக் கட்டிக்கொண்டு, குற்றவாளி மாதிரி: "சுண்ணாம்புன்னு நெனைச்சு சொரண்டிட்டேன் துரை. தெரியாம பண்ணிட்டேன்."

நான்தான் மழைத் தண்ணீர் முதல் பட்டைத் தண்ணீர் வரை எல்லாம் சொன்னேன். துரை சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். ஊரில் மீன் வளர்க்கிற சிநேகிதர் இந்தத் தடவைதான் அவருக்குச் சொன்னாராம்.

"அம்மா மீன், அப்பா மீன், ரெண்டும் முட்டை திங்கும். என் வீட்டிலே போட்டிருக்கும், தின்னிருக்கும். நான் பாக்கலே. நீ சொரண்டலேன்னா, இது இல்லே."

மே.வுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

"சொன்னது சொன்னதுதான் மேஸ்திரி. குஞ்சு உனக்கு." பேசின் பக்கம் துரை அப்புறம் கையை நீட்டவே இல்லை.

மூன்று பெரிய மீனையும் மே.யே பிடித்து டின்னில் விட்டார். ஜமீன்தாரை மட்டும் கொஞ்சநேரம் தண்ணீருக்குள்ளேயே உள்ளங்கையில் வைத்திருந்தார். முள் குத்தி ரத்தம், கவனிக்கவில்லை. பங்களா வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று குடையோடு கிளம்பினார். வாசலில் நின்று பார்த்தேன். டின் துரை கையில். குடை டின்னுக்கு மேல். துரை நனைந்துகொண்டே போகிறார், இவருக்கு அது தெரியவே இல்லை.

இன்னும் வரவில்லை. காபி ஆறுகிறது. துரை எங்களுக்கே விட்டுவிட்டுப் போன தொட்டி காலி, பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது. நாளைக்குக் குஞ்சுகளை அதில் விட வேண்டும்.

மஞ்சள் கரு நானே பிழிந்து போட்டேன். விளக்கைக் கிட்டே வைத்துக் குனிந்தேன். பேசின் ஓரத்தில் ஒரு பொடிசு, அடியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கண் அடித்தது. சத்தியமாக அடித்தது.

வாசலில் குடை மடக்குகிற சத்தம்.